மேல் தட்டுச் சாயப் புட்டிகள்

ஆண்டவன் துணை

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் சுகம். பிரார்த்தனையில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். சளி விட்டதா? போன கடிதத்திலும் கேட்டிருந்தேன்.

பள்ளிக்கூட ஓவிய அறைக்கு வாரம் மூன்று நாள் போகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? சம்பளம் கிடையாது. நாற்பது பிள்ளைகளுக்கும் பொதுவான சாமான்களுக்கு நான் பொறுப்பு, அலமாரிச் சாவியும் என்னிடம். மேசைக்கு ஒரு நிறமாகத் தூரிகைக் காம்புகளில் நூல் சுற்றிவைத்தேன். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். "மூடியை அழுத்திப் போட்டியா" என்று ஓயாமல் கேட்பதால் பிள்ளைகள் எனக்கு மூடி ஆன்ட்டி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எந்தப் பெயரானால் என்ன, யாராவது கூப்பிடுகிறார்களே.

அங்கே ஒரு தப்பு செய்துவிட்டேன் பாப்பா. புதிதாக வந்த பன்னிரண்டு சாயப் புட்டிகளையும், அளவு சரிதானா என்று மூடிக்கு உள்ளே ஒட்டியிருந்த காப்புத் தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டு, கண்காட்சிக்கு ஆகட்டும் என்று மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகளுக்குப் பழையதில் தண்ணீர் விட்டே கொடுத்து வந்தேன். "ஆன்ட்டி, இது நீலமா, நீலம் கழுவுன தண்ணியா?" என்று ஒரு பொடிசு கேட்டாள். சிரித்து அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, இந்தச் செவ்வாய்க்கிழமை திறந்தால் ஒன்பது புட்டி கல்லாக இறுகிக் கிடக்கிறது. வெந்நீரில் வைத்தும் பார்த்தேன். அசையவில்லை.

ஓவிய டீச்சர் திட்டவில்லை. "நீங்க காப்பாத்துனது போதும்க்கா. இனிமே அலமாரி தெறந்தே இருக்கட்டும், பிள்ளைங்களே எடுத்துக்கட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். தூரிகை கழுவவாவது வரட்டுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்த மூன்று நாளும் போய்விட்டால், காலையில் சாமி கும்பிட்ட பிறகு வாய் திறக்க எனக்கு வேலையே இல்லை.

அடுத்த மாதக் கடைசியில் கண்காட்சி. புதுச் சாயம் வாங்கப் பள்ளியில் வழியில்லையாம். உன் அறையில் நீ விட்டுப்போன சாயக் குழாய்ப் பெட்டி இருக்கிறது, உள்ளே சாயம் இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடட்டுமா? விடுமுறைக்கு வந்து நீ வரைவதாக இருந்தால் தொட மாட்டேன். உன்னை அவசரப்படுத்தவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுது.

எங்கிருந்தாலும் ஆண்டவன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா