மரத்தில் இருந்த நீலம்

அக்டோபர் 4, சனி

ஹார்லன் பூங்காவில் மலைப் பாதை. தோழி ஓபல் வழக்கம்போல் என் பின்னால், வாய் ஓயாமல். அவள் கணவன் டுவைட் இறந்ததிலிருந்து சனிக்கிழமை விடிந்தால் என் வாசலில் ஹாரன் அடிப்பாள். வண்டி அவளுடையது, வழி என்னுடையது.

பாதை காட்ட மரங்களில் நீலக் கட்டம் பூசியிருப்பார்கள். இன்று அந்தக் குறியை நேராகப் பார்த்தேன். மரம் இருந்தது, குறி இல்லை. தலையைச் சாய்த்ததும் கண்ணோரத்தில் வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஓபலிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கண் டாக்டர் கட்டம் போட்ட தாளைக் காட்டினார். கோடுகள் வளைந்தன, நடுவில் சாம்பல் கறை. விழித்திரையில் கசிவாம். வலக் கண்ணில் அதிகம், இடக் கண்ணில் தொடக்கம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம்.

“பழையபடி தெரியுமா?” என்றேன்.

“இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போம், வெர்னா. காட்டுல தனியா நடக்காதீங்க.”

தனியாக எங்கே நடக்கிறேன்? ஆனால் கூட வருகிறவள் என் கண்ணை நம்பியல்லவா வருகிறாள்? சொன்னால் சனிக்கிழமைகள் முடிந்தன. அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது — டிவியா?

அக்டோபர் 11, சனி

மழை. போகவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

மலைப் பாதையில் இலைகள் தரையை மூடிவிட்டன. பாதையே தெரியவில்லை. நீலத்தை மட்டும் தேடிக்கொண்டு நடந்தேன். அங்கொன்று நீலமாகக் கசங்கித் தெரியும், போவேன். அடுத்தது தெரியும், போவேன். நன்றாகப் போகிறது என்றுகூட நினைத்தேன். மடச்சி!

தூரத்தில் துப்பாக்கிச் சத்தம். அணில் வேட்டைக்காரர்கள். வெயில் இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. இதற்குள் பாதையில் ஓடைப் பாலம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நின்றால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நிற்காமல் நடந்தேன்.

ஓபல்தான் கேட்டாள்: “ஏண்டி வெர்னா, இந்த நீலம் என்ன வட்டமா இருக்கு? வேர்கிட்டயும் ஒரு துளி அடிச்சிருக்கானே?”

எனக்கு உயிரே போய்விட்டது. வேர்ப் பக்கம் பூசினால் அது வழி காட்டும் குறி இல்லை. வெட்டுவதற்காக அடையாளம் போட்ட மரங்கள். எப்போதோ பூங்காவைத் தாண்டி யாருடைய காட்டுக்குள்ளோ வந்துவிட்டோம். முழங்காலில் மாற்று மூட்டு வைத்தவளை இழுத்துக்கொண்டு!

“எனக்குக் கண்ணு தெரியல ஓபல்,” என்றேன். அழுதுவிட்டேன்.

“தெரியும்டி.”

“என்னது?”

“ஆகஸ்ட்லயே தெரியும். பார்க்கிங்ல குப்பைத் தொட்டிக்கு குட்மார்னிங் சொன்னியே.”

“தெரிஞ்சும் ஏண்டி என் பின்னாடியே வந்தே? பைத்தியமா நீ?”

அவள் காலால் இலைகளைத் தள்ளினாள். “சொன்னா நீ நடக்கிறதை நிறுத்திடுவே. அப்புறம் சனிக்கிழமை நான் எந்த வீட்டு வாசல்ல போய் ஹாரன் அடிக்கிறது?”

வெட்டிய மரங்களைக் கீழே இழுத்துப் போன தடம் ஒன்றை அவள்தான் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தார்ச் சாலைக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஒரு லாரிக்காரர் எங்களை வண்டிவரை கொண்டுவந்து விட்டார். லாரி நின்ற பிறகும் அவள் என் கையை விடவில்லை. அவளும் பயந்துதான் வந்திருக்கிறாள், ஆகஸ்ட் முதல்.

அக்டோபர் 28, செவ்வாய்

முதல் ஊசி. வலிக்கவில்லை. ஊசி கண்ணை நோக்கி வருகிறதே, அது — வேண்டாம், எழுதவில்லை.

நவம்பர் 8, சனி

ஹார்லன். ஓபல் முன்னால், நான் பின்னால். அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வேரிலும் விழப்போகிறேன் என்றே தோன்றியது.

பாதை பிரியும் இடத்தில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் என் முதுகைப் பார்த்தே நடந்தவள், குறி படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

“இப்ப எந்தப் பக்கம்டி?”

“என்னைக் கேட்டா? என்ன தெரியுதுன்னு சொல்லு.”

“நீலமா ரெண்டு கட்டம். ஒண்ணுமேல ஒண்ணு.”

“மேல இருக்கிறது எந்தப் பக்கம் தள்ளி இருக்கு?”

“இடது பக்கம்.”

“வேர்கிட்ட பாரு. ஏதாவது அடிச்சிருக்கா?”

குனிந்து இலைகளை விலக்கும் சத்தம் கேட்டது. “ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.”

“அப்போ இடதுதான், நட,” என்றேன்.