பத்து நிமிட ஈரம்

அக்கா,

விற்பனையாளர் ஒருவர் இன்று காலை மேசையில் வைத்துவிட்டுப் போன கிருமிநாசினிப் புட்டியைத் திறந்தேன். எலுமிச்சை வாசம். உடனே உங்கள் மூக்குச் சுளிப்புதான் ஞாபகம் வந்தது. "வாசத்துக்கு எந்தக் கிருமியும் சாவாது தம்பி" என்பீர்கள். நானோ வாசத்தை நம்பியே பாதி வாழ்க்கையை ஓட்டியவன். நம் மருத்துவமனையில் என்னைவிட அதிகமாக சென்ட் பூசியவர் நிர்வாகி ஒருவர்தான்.

நீங்கள் இருந்த காலத்தில் வந்த அந்த நீலப் புட்டி எல்லாக் கிருமியையும் கொல்லும் என்றது கம்பெனியின் சோதனை அறிக்கை. தாள் பளபளவென்று இருந்ததால், கொள்முதல் அதிகாரியான நான் படிக்காமலே நம்பி வாங்கிவிட்டேன். போதாததற்கு, துப்புரவு செய்பவர்களுக்காகப் புட்டியில் இருந்த மலாய்க் குறிப்பைத் தமிழாக்கி வார்டுச் சுவரிலும் ஒட்டினேன். பத்து நிமிடம் 'பாசா'வாக, அதாவது ஈரமாக, விடச் சொன்னது மலாய். "துடைத்துப் பத்து நிமிடம் காய விடவும்" என்றது என் தமிழ்.

வார்டைத் துப்புரவு செய்யும் தேவி அதை ஒழுங்காகப் படித்தார். சீக்கிரம் காயட்டும் என்று விசிறியை முழு வேகத்தில் வைத்தார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நீங்கள் கட்டில் கம்பியில் பஞ்சை ஒற்றி எடுத்துப் போய்ப் பார்த்தால், கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது. தேவியை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார் நிர்வாகி. நான் சீனி போடாத தேநீரை மும்முரமாகக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "அவ தப்பு செய்யல சார். தம்பி தமிழ்ல என்ன எழுதினாரோ அதத்தான் செஞ்சா."

காது சுட்டது. ஒப்புக்கொண்டேன்.

அத்தோடு விட்டீர்களா? எல்லோரையும் வார்டுக்கு இழுத்துப் போய், விசிறியை நிறுத்தி, நீங்களே ஒரு கட்டிலைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நான்காவது நிமிடத்தில் கம்பி காய்ந்துவிட்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நிர்வாகியிடம் நீட்டினீர்கள். கழுவிய எவர்சில்வர் தகட்டில், மருந்து காயாமல் பார்த்துக்கொண்டு செய்த சோதனை அது.

"அறிக்கையில பொய் இல்ல சார். ஆனா அந்தப் பத்து நிமிஷம் நம்ம வார்டுல இல்லலா."

நீலப் புட்டி திரும்பிப் போனது. தேவி போகவில்லை. கேன்டீனில் உங்களுக்குக் 'கிருமி அக்கா' என்று பெயர் வைத்தது யார் என்று கடைசிவரை விசாரித்தீர்கள். நான்தான்.

நீங்கள் இல்லாத மூன்றாவது வருடம் இது. அறிக்கைகளை இப்போது கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். குறிப்பு எழுதினால், ஒட்டுவதற்கு முன் தேவியிடம் கொடுத்து, அதில் உள்ளபடி செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறேன். அவர் செய்வது நான் நினைத்தபடி இல்லையென்றால், திருத்துவது என் தமிழைத்தான்.