மரத்தடியில் ஏணை கட்டியவளுக்கு

எடியே,

இன்று காலை பயறு வறுத்தேன். கடை இன்னும் திறக்கவில்லை. வெளியே, பாரிசின் ரூ காய் தெருவில், லொறிக்காரர் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பயறு பொன்னிறமாகி வாசம் எழும்பியதும் எனக்குக் கை ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கார்ஜ் புறநகரில் இருக்கும் ஒரு இளம் தாய்க்கான பயறு அது. மகனுக்குப் பல்லு முளைத்துவிட்டதாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாகப் போனில் கேட்டாள்: "அன்ரி, பல்லுக்கொழுக்கட்டை அவிச்சுத் தருவீங்களோ? பிள்ளையின்ர தலையில கொட்டோணுமாம். ஏன் எண்டு கேட்டால் அம்மாவுக்கும் தெரியேல்லை!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை உன் ஊரில் ஒரு கிழவியும் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா?

உன் ஊர் என்றுதான் எழுத வருகிறது. நீயும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் பாரிசுக்கு வந்து சட்டி பானையோடு மாரடிக்கத் தொடங்கினேன். நீ தாய் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது வேலைக்குப் படித்து, கிழக்குக் கரையில் காட்டோரமாக ஒரு ஊருக்குப் போனாய். தேன் எடுத்தும் நண்டு பிடித்தும் வாழ்கிற, வேடர் வழிவந்த சனம். மருத்துவமாதை அவர்கள் 'மிஸி' என்பார்கள். ஆற்றைக் கடந்துதான் ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. நீ கொஞ்சக் காலத்தில் மாற்றல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய் என்று எல்லோரும் நினைத்தோம். நீ வரவேயில்லை. "உனக்கென்ன விசரே?" என்று போனில் கத்தினேன். "ஓமடி, விசர்தான். வந்து பார்" என்றாய்.

வந்து பார்த்தேன். நான் வந்த கிழமையில்தான் பிள்ளைகளை நிறுக்கும் நாள். உன் ஸ்கூட்டியின் பின்னால், மணல் பாதையில் இடுப்பு முறிய முறிய வந்து இறங்கினேன். பெரிய புளியமரம். கொம்பில் தராசைக் கொளுவிவிட்டு நீ காத்திருந்தாய். ஒரு தாயும் வரவில்லை. குடிசைகளுக்குள்ளே பிள்ளைகள் சிணுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்தால் நாவூறு படும் எண்டு பயம்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுகூட இல்லையடி. நான் வரமுந்தி ஆரோ ஒருத்தி கிளினிக்கில எல்லாற்றை முன்னாலையும் ஒரு தாயைப் பேசிப்போட்டாள். பிள்ளையை எலும்பாக்கி வைச்சிருக்கிறாய் எண்டு. அதுக்குப் பிறகு ஆர் வருவினம்?" என்றாய்.

அந்தத் தாய்தான் பூமணி. அப்போது பேச்சு வாங்கியது மூத்த பையனுக்காக. இப்போது கைக்குழந்தை சுகந்தி. எட்டு மாதம். நீ அந்தப் பிள்ளையை ஒருமுறை வேலிக்கு மேலால் கண்டிருந்தாய். அன்றிலிருந்து உனக்கு நித்திரை இல்லை. வயிற்றோட்டம் ஒன்று வந்தால் தாங்காது, மழை தொடங்குவதற்குள் பார்க்க வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ வீட்டுக்குப் போனால் பூமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் காட்டுக்குள் போய்விடுவாள்.

"பிறக்கேக்கை இந்தப் பிள்ளையளுக்கும் ரவுண் பிள்ளையளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையடி" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாய். "பல்லு முளைக்கிற காலத்திலைதான் பிரியுது. அங்கை முட்டை, பருப்பு, பழம். இஞ்சை வெறும் கஞ்சித் தண்ணி."

பல்லு என்றதும் என் வாய் சும்மா இருக்குமா? "நாங்கள் எண்டால் பல்லுக்கு கொழுக்கட்டை அவிப்பம்" என்றேன். நீ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எடியே, பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, அரிசிமா. வேற என்ன வேணும் ஒரு பிள்ளைக்கு? நாளைக்கு அவி. ஊருக்கே அவி" என்றாய். லீவில் வந்தவளை அடுப்படிக்கு அனுப்பிய ஒரே சிநேகிதி நீதான்.

புளியமரத்தடியில் மூன்று கல் வைத்து அவித்தேன். புகையில் கண் எரிந்தது, உன்னைத் திட்டித் தீர்த்தேன். வாசம் போன திசையெல்லாம் இருந்து சனம் வந்தது. இன்றைக்கு நிறுக்கவில்லை, பல்லு முளைத்த பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்று நீ சொல்லி வைத்திருந்தாய். அப்போதுதான் அந்தக் கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "தின்னுற சாமானை ஏன் மனே, தலையில கொட்டுறீங்க? வாயில வைச்சா ஆகாதா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆகும் ஆச்சி, அதுதான் நல்லது" என்று சொல்லி, கொழுக்கட்டையைப் பிசைந்து முதல் பிள்ளைக்குத் தீத்தினாய். எங்கள் சடங்கு அந்த இடத்திலேயே மாறிப்போனது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பூமணி கடைசியாகத்தான் வந்தாள். சுகந்தியைக் கண்டதும், "ஐயோ, என்ன இப்பிடி மெலி..." என்று தொடங்கினேன். எங்கள் ஆட்களுக்குக் காண்கிறவரிடம் முதலில் சொல்ல வேறு கதை ஏது? நீ என் காலை நன்றாக மிதித்தாய். பூமணியிடம், "நீ முதல்ல சாப்பிடு பிள்ளை" என்று ஒரு கோப்பையைக் கொடுத்தாய். அவள் சாப்பிட்டு முடியும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்கிடையில் உன் சேலை ஒன்றைக் கிழித்து, தராசின் கொக்கியில் ஏணை கட்டிவிட்டாய். ஒருத்தி பிள்ளையை அதில் கிடத்தி ஆட்டினாள். பிறகு இன்னொருத்தி. பூமணியும் சுகந்தியைக் கிடத்தினாள். தராசு என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை; தெரிந்தேதான் போட்டார்கள். நீ முள்ளைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தாயின் காதிலும் மட்டும் சொன்னாய். பூமணியின் காதில் கன நேரம் சொன்னாய். அவள் அழுதாள். "பெரியாஸ்பத்திரிக்கு வர மாட்டன் மிஸி, ஏசுவாங்க" என்றாள். "நான் பக்கத்திலை நிப்பன். ஆர் ஏசுறது எண்டு பாப்பம்" என்றாய்.

நின்றாய். என்னுடைய மிச்ச விடுமுறை முழுவதும் அந்த வார்ட்டில்தான் போனது, நீ தாயோடு, நான் உங்களுக்குச் சோற்றுப் பார்சலோடு. சுகந்தி முதன்முதலாக என் விரலைக் கடித்தபோது வலித்தது. அந்தக் கடிக்கு எவ்வளவு சந்தோசப்பட்டோம்!

இங்கே திரும்பி வந்து கதையைச் சொன்னதும் எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலே கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு பால்மா ரின்னோடு கடைக்கு வந்தார்கள். நீ போனில் சீறினாய்: "ஒரு ரின்னும் வேண்டாம்! போத்தில் கழுவ நல்ல தண்ணி இல்லை. ரின் முடியேக்கை தாய்ப்பாலும் வத்திப்போயிருக்கும். பயறு வாங்க உதவி செய்யச் சொல்லு." அன்றுதொட்டு என்னிடம் பல்லுக்கொழுக்கட்டைக்கு வருகிறவர்களிடம் ஒரு கதைதான்: இங்கே ஒரு சட்டி என்றால் அங்கேயும் ஒரு சட்டி. ஒருவரும் மாட்டேன் என்றதில்லை. கார்ஜ் பெண்ணும், "வுய், வுய், ஓம் அன்ரி" என்றாள்.

இப்போது கடைக்கு ஒரு மெலிந்த பிள்ளையோடு யாராவது வந்தால், நான் பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. தாய்க்கு ஒரு தேத்தண்ணி ஊற்றி வைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவளே கதைக்கத் தொடங்குகிறாள்.

ஆனால் நீ போனதும் நான் இடிந்துதான் போனேன். உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. மாதங்கள் போயின. மழை தொடங்கியது. புளியமரத்தடி வெறுமையாய்க் கிடக்கும், பூமணியைப்போல இன்னொருத்தி பிள்ளையோடு காட்டுக்குள் ஒளித்திருப்பாள் என்றெல்லாம் நினைத்து நினைத்து வெந்தேன். எல்லாம் உன்னோடு போயிற்று என்றுதான் முடிவு கட்டியிருந்தேன்.

போன கிழமை பூமணி போன் எடுத்தாள். "அக்கா, எங்களுக்கு மிஸி வந்திட்டா!"

நடந்தது இதுதான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஊர்த் தாய்மார் எல்லோரும் பிள்ளைகளோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, ரவுணில் இருக்கும் சுகாதாரப் பணிமனைக்குப் போயிருக்கிறார்கள். வாசல் விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து அதிகாரி வெளியே வந்து பதறியிருக்கிறார்: "என்ன இவ்வளவு பேர்? புள்ளைகளுக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?"

"ஒரு வருத்தமும் இல்லை ஐயா" என்று எழும்பிச் சொன்னவள் பூமணி. "வருத்தம் வரக்கூடாதெண்டுதான் வந்திருக்கம். நிறுக்கிறதுக்கு ஆளைத் தாங்க."

யாரைக் கண்டாலும் பிள்ளையோடு காட்டுக்குள் ஓடினவள், எடியே! கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. உடனே உனக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கை தானாகவே உன் பெயரைத் தேடியது. தேடிய பிறகுதான் நினைவு வந்தது.

நீ இல்லாமலே நடக்கிறதடி. இதற்குத்தானே நீ ஆசைப்பட்டாய். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.