இருமுறை இழைத்த கதவு

11-5-1974, சனி. சாந்தன்பாறை.

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. சிரிக்க வைத்தது என் முட்டாள்தனம் என்பதுதான் உறுத்துகிறது.

நேற்று சித்தூர் விவசாயி ஒருவரும் அவர் மனைவியும், காருக்குப் பின்னால் சக்கரம் வைத்த சின்ன வீடொன்றை இழுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி வந்தார்கள். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே. கதவு மட்டும் சாத்த வரவில்லை. தச்சன் நான் இருக்கிறேனே! இழைத்துக் கொடுத்தேன். இன்று காலையில் மறுபடி சிக்கியது. மறுபடி இழைத்தேன்.

எஸ்டேட் பிட்டரான என் மச்சான் செல்லையா வண்டிக்கு அடியில் புகுந்தான். இரும்புச் சட்டத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தான். உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஈரக்கோடு ஒன்று நெளிந்தது.

"கதவு மேல குத்தமில்ல மச்சான். சட்டம் விரிசல் விட்டுத் தொங்குது. கொண்டை ஊசி வளைவுல அத்துருந்தா அம்புட்டுதான்."

என் இழைப்புளியை நம்பி மூணாறுக்குக் கிளம்பியிருப்பார்களே!

செல்லையா ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டை வைத்து வெல்டிங் அடித்தான். சட்டம் நிமிர்ந்தது. நான் இருமுறை இழைத்துவிட்ட கதவுக்கு மேலே இப்போது ஒரு விரல் சந்து.

"ஏனுங்க, கதவைச் சாத்துங்க," என்றார் அந்த அம்மா உள்ளிருந்து.

"சாத்தித்தானுங்க இருக்குது!" என்றார் கணவர்.

புதுக் கதவு நாளைக்குத்தான். இன்றைக்கு எங்கள் வாசலிலேயே தங்கியிருக்கிறார்கள். சந்தில் ஏலக்காய்ச் சாக்கைத் திணித்தேன். அதையும் தாண்டி அவர்கள் சிரிப்பு இங்கே கேட்கிறது.