காதில் பஞ்சும் நெற்றியில் சந்தனமும்

சாமி,

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து வேலைக்குத் திரும்பினேன். தேயிலை ருசி பார்க்கும் அறையின் வாசலுக்கு வந்ததும் கை தானாகக் காதுக்குப் போயிற்று. அத்தர் நனைத்த பஞ்சை எடுத்துக்கொண்டு, கதவோரம் நீர் ஆணியடித்து மாட்டிய தகர டப்பாவைத் திறந்தேன். நீர் போய்ச் சேர்ந்த இந்த ஒரு மாதமாக நான் அத்தரே வைக்கவில்லை, மனசு வரவில்லை. அதனால் டப்பாவைத் தொட்டதும் இன்றைக்குத்தான். மூடியைத் தூக்கியதும் குப்பென்று அடித்தது வாசனை. உள்ளே வாழையிலைத் துண்டு ஒன்று சருகாய்ச் சுருண்டு கிடந்தது. அதற்குள் காய்ந்த சந்தனம். உம்முடையதுதான். ஓய், வேலை நேரத்தில் ஒரு மனுஷனை இப்படியா கண் கலங்க வைப்பது?

நான் இந்த அறைக்கு வந்தது கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்த வருஷம், ஐப்பசியில் கொட்டும் துலா மழைக் காலம். நம் கம்பெனிக்கு மிளகும் உண்டு, தேயிலையும் உண்டு. அதுவரை மட்டாஞ்சேரி கோடவுனில் மிளகு மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனை மேலே மாடிக்கு ஏற்றினார்கள். ஆறு மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம் என்று பேச்சு. வீட்டில் அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். அந்த வேலையை நான் எப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாய் நிற்கும். நான் தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிஷம் கழித்து வடித்து வைப்பேன். நீர் கரண்டியில் மொண்டு ஒரே உறிஞ்சல். அந்தச் சத்தம் ஜூ டவுன் தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று அன்னம்மா சொல்வாள். வாயில் சுழற்றித் தொட்டியில் துப்பிவிட்டு, "குன்னூர் இலை, புகை பிடிச்சிருக்கு" என்பீர். புகை பிடித்துத்தான் இருக்கும். அன்னம்மா தோப்பும்படியிலிருந்து வந்து கோப்பை கழுவுகிறவள். அவள் குனியும்போதெல்லாம் கழுத்துச் சிலுவை கோப்பையில் பட்டு டிங்கென்று கேட்கும். என் தலையில் தொப்பி. உம் நெற்றியில், விடியலில் பகவதி கோவிலில் தொழுதுவிட்டு இட்டுக்கொண்டு வருகிற சந்தனம். மூன்று பேரும் அவரவர் அடையாளத்தோடு ஒரே மேஜையைச் சுற்றி நின்றோம். மேலே நின்றவர் ஒருவர்தான், மதராஸிலிருந்து வந்த புது மேனேஜர். தங்கமான மனிதர், ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

அந்த அறையில் அடிக்கக் கூடியது தேயிலை மணம் ஒன்றுதான். வெற்றிலை கூடாது, மதியச் சோற்றில் வெங்காயம்கூடக் கூடாது. வெங்காயம் போடாமல் என்ன ஆணம் வைப்பது என்று என் வீட்டில் தினமும் சண்டை. அப்படிப்பட்ட அறையில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்னய்யா இது, டீயில சந்தன வாடை அடிக்குது?" என்றார். அடுத்த வெள்ளியும் அதே வாடை. அதை நம்பி நல்ல தேயிலை ஒன்றைக் கெட்டது என்று எழுதியனுப்பிவிட்டார். தேயிலைத் தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? தந்திக்கு மேல் தந்தி வந்தது. அவர் கண் நேரே உம் நெற்றிக்குப் போயிற்று.

திங்கட்கிழமை சுவரில் காகிதம் ஒட்டியாயிற்று. சந்தனம், தொப்பி, சிலுவை, எந்த மதச் சின்னமும் இந்த அறைக்குள் வேண்டாம். உம்மைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வெறும் நெற்றியோடு வர வேண்டும், வாடை நின்றுபோனால் உம் சந்தனம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வேன், அப்புறம் உதவி ருசிப்பாளர் வேலை உமக்கில்லை, கோடவுனுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பதினொரு வருஷம் நீர் காத்திருந்த வேலை அது.

"மூக்கைத்தான் கம்பெனிக்குக் கொடுத்திருக்கேன், நெத்தியை இல்லை" என்று நீர் என்னிடம் பொருமினீர். நான் தலையாட்டினேன். தலையாட்டின அந்தத் தலையில்தான் குற்றம் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த அத்தர்க் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தேன். மாமா ஹஜ்ஜுக்குப் போய்வந்து அந்த மாதம்தான் கொடுத்தது. யா அல்லாஹ்! அப்பட்டமான சந்தனம். அத்தருக்கு அடிப்படையே சந்தன எண்ணெய்தான் என்று பிற்பாடு நீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜும்மாவுக்கு வைத்த பஞ்சைக் காதிலேயே செருகிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கோப்பை மேலும் குனிந்து குனிந்து வெந்நீர் ஊற்றியவன் நான்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தற்காலிகக்காரன், இவனால்தான் தேயிலை கெட்டது என்றால் மறுநாளே படியிறக்கிவிடுவார்கள் என்று பயம். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன், புத்திசாலியாம் நான்! அந்த வெள்ளிக்கிழமை காதில் அத்தர் இல்லாமல் வந்துவிட்டால் வாடையும் வராது, சண்டையும் ஓய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஜும்மா முடிந்ததும் பஞ்சை மெழுகுக் காகிதத்தில் இறுக மடித்துச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தேன்.

நீர் வெறும் நெற்றியோடு நின்றீர். என்னவோ, ஆளே மாறின மாதிரி இருந்தது. சிலுவையைக் கழற்றிவிட்டு வந்த அன்னம்மா உம்மைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தலையில் தொப்பியில்லாமல், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வெந்நீர் ஊற்றினேன். மேனேஜர் முதல் கோப்பையை உறிஞ்சினார். இரண்டாவது. மூன்றாவது. கரண்டியை மேஜையில் தட்டினார்.

"பார்த்தீங்களாய்யா? வாடையே இல்லை. நான் சொன்னது சரியாப் போச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அத்தரை ஒளித்ததே உமக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வாடை வந்திருந்தால் உம் நெற்றி தப்பியிருக்கும். நீர் மெதுவாகத் திரும்பி என் காதைப் பார்த்தீர். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டீர்.

"ஓய் ராவுத்தரே, இன்னிக்கு என்ன, காதிலே பஞ்சைக் காணலியே?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீர் சிரித்துக்கொண்டே கேட்டீர். அவ்வளவுதான், காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். "சார், அது சாமி சந்தனம் இல்லை. என் அத்தர். ரெண்டு வெள்ளியும் நான்தான்" என்றேன். மேனேஜர் குனிந்து மோந்தார். முகம் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

"அப்ப நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்!"

"அது எப்படி?" என்று நீர் நடுவே புகுந்தீர். அடடா, அன்றைக்கு நீர் பேசின பேச்சு! "வாசனை கூடாதுன்னு எழுதுங்கோ, ஒத்துக்கறேன். சந்தனம் மணக்கும், வேலை நேரத்திலே இட்டுக்கலை. விபூதி மணக்குமா? தொப்பி மணக்குமா? சிலுவை மணக்குமா?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்து விபூதியை எடுத்துப் பட்டையாய் இட்டுக்கொண்டு, நெற்றியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினீர். "மோந்து பாருங்கோ, சார்!"

அந்த மனிதர் கோபத்தில் நிஜமாகவே மோந்தார். அன்னம்மாவால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாரே, சாரோட தலையிலே பூசின கிரீமும் நல்லா மணக்குது கேட்டோ!"

நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் தலைமுடியை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! சுவரில் ஒட்டிய காகிதத்தை அவரே கிழித்தார். அதற்குப் பதிலாக "இந்த அறைக்குள் வாசனை கூடாது" என்று ஒரே வரி எழுதி, கீழே முதல் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் கிரீம் இல்லாமல் வந்தவரைப் பார்த்தால் மழையில் நனைந்த கோழிதான்.

அன்று படியிறங்கும்போது, உமக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"முதல் வெள்ளியே தெரியும் ஓய். என் நெத்தியிலே சந்தனம் தினமும் இருக்கு, வாடை வெள்ளிக்கிழமை மட்டும் வருது. இதுகூடக் கண்டுபிடிக்காட்டா என்ன மூக்கு அது? நீரே சொல்வீர்னு காத்திண்டிருந்தேன்."

"சொல்லாமல் இருந்திருந்தால்?"

"கோடவுன்லே மூட்டை அடுக்கிண்டு உம்மைத் திட்டிண்டிருப்பேன்."

அந்த வாரமே, தேயிலை மாதிரி வருகிற தகர டப்பா ஒன்றைக் காலி பண்ணிக் கதவோரம் மாட்டினீர். வெள்ளிக்கிழமை என் பஞ்சு அதில் தங்கும். தினமும் கோவிலிலிருந்து கொண்டுவரும் சந்தனமும் இலையோடு அதில் தங்கும். மாலை மணியடித்ததும் கதவருகே நின்று, கண்ணாடிகூடப் பார்க்காமல், சரியாக நடு நெற்றியில் இட்டுக்கொள்வீர். நான் காதில் பஞ்சைச் செருகுவேன். பிறகு இருவரும் சாயாக்கடைக்குப் போவோம். கடைக்காரன் போடுகிற தேயிலையை நீர் ஒரு உறிஞ்சலில் திட்டித் தீர்ப்பீர், ஆனாலும் இரண்டாவது கிளாஸ் கேட்பீர். உமக்கு உதவி ருசிப்பாளர் வேலை கிடைத்தது, எனக்கு நிரந்தரம் ஆயிற்று. என் மகனுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது.

போன மாதம் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதியமே வீட்டுக்குப் போனீர். மணியடிப்பதற்கு முன்னால் போனதால் அன்றைய சந்தனத்தை இட்டுக்கொள்ளவே இல்லை. அதுதான் இன்று டப்பாவில் நான் பார்த்தது.

என் பஞ்சை அதன் பக்கத்திலேயே வைத்து மூடினேன். மாலை மணியடித்தது. பஞ்சை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, இன்னிக்கு மணம் வேற மாதிரி இருக்கு? புது அத்தரா?"

"இல்லை, சாமி சந்தனம்" என்றேன்.