பழுதானதையெல்லாம் கேட்டு வாங்கியவனுக்கு

மச்சான்,

இன்று காலை புறக்கோட்டைக் கடைக்கு ஒருவர் பழுதான இன்வெர்ட்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மின்சாரம் நின்றால் பற்றரியிலிருந்து வீட்டு விளக்கையும் மின்விசிறியையும் ஓட்டுகிற பெட்டி. மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை கடை முழுக்கப் பரவியது. கொண்டுவந்தவர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் குனிந்து மணந்து பார்த்தேன். கொள்ளளவி, அதுதான் கப்பாசிட்டர், வெடித்தால் ஒரு வாடை, செப்புச் சுருள் எரிந்தால் வேறொரு வாடை. இது சுருள். "திருத்தலாம், வைச்சிட்டுப் போங்கோ" என்றேன். நீ வந்து என்னைக் கெடுக்கும்வரை நான் பெட்டிகளை மணந்து பார்த்தவன் இல்லை. பில் இருக்கிறதா, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தவன்.

கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வீடு, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு நாம். சாதாரண தரப் பரீட்சையோடு நான் புறக்கோட்டையில் பல்பு பெட்டி தூக்கப் போனேன். நீ படித்துக்கொண்டே போய், பிறகு நாட்டை விட்டும் போய், குளிர் நாடொன்றில் வலு இலத்திரனியல் பேராசிரியராகிவிட்டாய். அது என்ன படிப்பென்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும். "கரண்டை வெட்டி, வேண்டின அளவில திருப்பித் தைக்கிறது. நான் ஒரு தையல்காரன் மச்சான்."

ஒவ்வொரு வருடமும் உன் விடுமுறையில் கல்கிசைப் பக்கம் இருக்கும் அந்தப் பொறியியல் நிறுவகத்துக்கு வருகை விரிவுரையாளராக வந்தாய். தங்குவது வெள்ளவத்தையில் என் வீட்டில். வருகிற நிபுணர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். நிறுவகத்துக்கு வாகனம் கிடைக்காத நாட்களில் என் வான்தான் விமான நிலையத்துக்குப் போகும். பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, அறிமுகவுரை, பிறகு அறிமுகம் செய்தவரைப் பாராட்டி ஓர் உரை. நிபுணர் பேச எழும்பும்போது பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். அவரும் படங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, குழுப் படம் எடுத்துக்கொண்டு, ஹோட்டலுக்குப் போய்விடுவார். முதல் வருடம் உனக்கும் இதெல்லாம் வைத்தார்கள். இரண்டாவது உரையின் நடுவில் நீ எழும்பி, "விளக்கு நல்லா எரியுது, இனி நாங்கள் கதைப்பம்" என்று சொல்லிக் கரும்பலகைப் பக்கம் போய்விட்டாய். மேடையில் இருந்தவர்களுக்கு முகம் கறுத்தது. நான் கடைசி வரிசையில் இருந்து ரசித்தேன்.

ஆனால் நான் உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்த்துவது அந்தப் பெற்றோல் வரிசை வருடத்துக்காக.

மின்வெட்டு, எரிவாயு இல்லை, கடவுச்சீட்டு எடுக்கப் பாதையோரம் படுத்திருந்த சனம். நிறுவகத்தில் உன் பாடத்தைப் படிப்பித்த இருவரும் அடுத்தடுத்து வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. கடைசி வருட மாணவர்கள் மட்டும் நடுவில் நின்றார்கள். அந்த ஒரு பாடமும் அதன் செய்முறைப் பயிற்சியும் முடியாவிட்டால் பட்டம் இல்லை. சிலருக்கு வேலை காத்திருந்தது, சிலருக்குப் புலமைப்பரிசில். காத்திருக்கிறவர்கள் எவ்வளவு காலம் காத்திருப்பார்கள்?

இணையத்தில் படிப்பியுங்கள் என்று நிறுவகம் உனக்கு எழுதியது. இங்கே மின்சாரம் இருக்கும்போது அங்கே உனக்கு வேலை, உனக்கு ஓய்வு வரும்போது இங்கே இருட்டு. நீ விமானச் சீட்டு எடுத்துவிட்டாய். கட்டுநாயக்காவில் குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் போறாங்க, மஹத்தயா ஏன் வாறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாராம். "வகுப்பு இருக்கு" என்றாயாம் நீ. அவர் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு உன்னைக் காட்டினாராம்.

உன் மனைவி எனக்கு அழைப்பு எடுத்தார். "அண்ணை, நீங்கள் சொன்னாத்தான் கேட்பார். இருந்த ஆக்களே வெளிக்கிடுகினம். இவரை அடுத்த பிளேனில ஏத்தி விடுங்கோ." நான் ஓம் என்றேன். உன்னிடம் சொல்லவும் சொன்னேன். "நீ கடையைப் பூட்டிப்போட்டுப் போனியா?" என்று கேட்டாய். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கரும்பலகைப் பாடம் ஜன்னல் வெளிச்சத்தில் நடந்தது. செய்முறைதான் நடக்கவில்லை. ஆய்வுகூடத்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஒரு பின்னேரம் நீ கொட்டாஞ்சேனையில் என் ஸ்டோருக்கு வந்து நின்றாய்.

"மச்சான், இந்த இன்வெர்ட்டர்களில கொஞ்சத்தைத் தா. வகுப்புக்கு."

"வெளியில சனம் இதுக்கு வரிசையில நிக்குது. கப்பல் வாறேல்லை, இருக்கிறது இவ்வளவுதான். நான் கடை நடத்துறன், தர்மமடம் நடத்தேல்லை."

நீ கோபிக்கவில்லை. மூலையில் கூரையை முட்டிக்கொண்டிருந்த குவியலைப் பார்த்தாய். "அது?"

"திரும்பி வந்த பழுது. அனுப்பினவனும் எடுக்கிறானில்லை. பழைய இரும்புக்குத்தான் போடவேணும்."

"அப்ப எனக்கு நல்லது வேண்டாம். பழுதெல்லாம் தா."

ஒருவன் கேட்டுவிட்டால் குப்பைக்கும் விலை வந்துவிடும். எனக்கு அது ரத்தத்தில் ஊறியது. "திருத்தினா, திருத்தினதெல்லாம் எனக்கு" என்றேன்.

"பாதி."

"சாமான் என்ட."

"மூளை எங்கட."

"உன்ட பிள்ளையள் கை பழகுறது என்ட சாமானில. அதுக்கு ஃபீஸ் கட்டுவியா?"

"பிளேன்டீ ஒன்று வாங்கித் தாறன். பாதி, மச்சான். அந்தப் பாதியை வைச்சு ஆய்வுகூடத்துக்குக் கரண்ட் குடுப்பன். பழுதைத் திருத்துறது ஒரு செய்முறை, திருத்தினதில மிச்சச் செய்முறை."

புறக்கோட்டையில் இத்தனை வருடம் பேரம் பேசியவன் நான். இரண்டு பக்கமும் இலாபம் நிற்கிற பேரத்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளத் தெரியும். பாதிக்குச் சம்மதித்தேன்.

வானுக்கு எரிபொருள் இல்லை. கைவண்டியில் கோட்டை நிலையம் வரை, பிறகு கரையோர ரயிலில். பிள்ளைகள் ஆளுக்கொன்றை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். டிக்கட் பார்க்க வந்தவர், "இதெல்லாம் ஓடுமா?" என்று கேட்டார். ஹட்டனிலிருந்து வந்து பாமன்கடையில் அறையெடுத்துப் படித்த சுபாஷினி, "ஓடாது சேர், ஓட வைக்கத்தான் கொண்டு போறோம்" என்றாள். பெட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் சனம் சிரித்தது குறைவு.

முதலாவது பெட்டியை அவளுடைய குழுதான் திருத்தியது. ஆய்வுகூடத்து விளக்குகள் எரிந்தன, அளவுக் கருவிகள் கண் விழித்தன, நீ கைகட்டி நின்று பார்த்தாய். அடுத்த நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஒரு சத்தம், புகை, இருட்டு. உன் விடுமுறை பாதி போய்விட்டது. பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"சேர், நான் எல்லாம் சரியாத்தான் போட்டேன்" என்றாள் சுபாஷினி.

அவளுடைய கணக்கை நீ ஒருமுறை வாசித்தாய். "உன்ட கணக்கு சரி பிள்ளை. கணக்கில இல்லாத ஏதோ உள்ள இருக்குது. கழற்று."

உள்ளே, இரண்டு மின் முனைகளையும் தொட்டபடி, கருகி விறைத்துப்போன ஒரு பல்லி.

பின்னாலிருந்து ஒருவன், "பல்லி சொன்னா நடக்கும் எண்டுவினம். இது சொல்லாமலே நடத்திட்டுது" என்றான். அறை வெடித்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மிச்சமுள்ள பெட்டிகளையும் கழற்றச் சொன்னாய். ஒன்றில் பல்லி முட்டையின் ஓடு, இன்னொன்றில் எச்சம், வேறொன்றில் கருகிய வால் மட்டும். நீ வாங்கில் இருந்துவிட்டாய். "இத்தனை வருசமா வெக்கை, ஈரம், தூசி எண்டு படிப்பிச்சனான். பல்லி எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குப் படிப்பிச்சவையும் சொன்னதில்லை." வெட்கத்தோடு சொல்லவில்லை. புதையல் கண்டவன் குரலில் சொன்னாய். பல்லி இல்லாத ஊரில் செய்த பெட்டிக்குக் காற்று போகிற வாய் பெரிதாக இருக்காமல் என்ன செய்யும்?

நுளம்பு வராமல் ஜன்னலில் அடிக்கிற கம்பி வலையை நானே ஒரு சுருள் கொண்டுவந்து போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். சுபாஷினி பெட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், வலை போட்டா காத்து குறையுது, சூடு ஏறுது. பல்லி பிழைச்சிடும், பெட்டி செத்துடும்" என்றாள். நீ மேசையில் தட்டினாய். "இதுதான் மிச்சப் பாடம்." வலை போட்டால் எவ்வளவு சூடு, எவ்வளவு சுமை தாங்கும், விசிறியை எங்கே மாற்றிவைக்கலாம். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லாத கேள்வி. அடுத்த நாட்களில் அந்த அறைக்குள் ஒருவரும் சும்மா இருந்து நான் காணவில்லை. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் மூன்று மொழியில் சண்டை பிடித்தார்கள். நீ நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாமல், "அளந்து பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தாய்.

இருள் விழுந்தால் ஆய்வுகூடம் மட்டும் வெளிச்சமாக நின்றது, அவர்கள் திருத்திய பெட்டிகளில். செய்முறை முடிந்தது, பரீட்சை முடிந்தது. இரண்டு பேர் மறுபடி எழுத வேண்டியிருந்தது, அவர்களும் பிறகு சித்தியடைந்தார்கள். அந்த வகுப்பில் பட்டமில்லாமல் நின்றவர் ஒருவருமில்லை. என் பங்குப் பெட்டிகளை "பல்லி போகாத இன்வெர்ட்டர்" என்று சொல்லி நல்ல விலைக்கு விற்றேன். இதை மறைக்கமாட்டேன். நீயும் கேட்டுவிட்டுச் சிரித்தாய்தானே. இன்றைக்கும் வலை அடிக்காமல் என் கடையிலிருந்து ஒரு பெட்டி வெளியே போவதில்லை.

போகும்போது அந்தப் பல்லியை ஒரு மருந்துப் போத்தலில் போட்டு எடுத்துப் போனாய். மாதங்கள் கழித்து ஒரு படம் அனுப்பினாய். பெரிய மண்டபம், வரிசை வரிசையாக வெள்ளைக்காரப் பிள்ளைகள், திரையில் ஆளுயரத்துக்கு எங்கள் ஊர்ப் பல்லி. அந்தப் படத்தை நான் கடைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினேன். வாங்க வந்தவர்களுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. அதனாலென்ன.

உன் இறுதிச் சடங்கைக் கைபேசியில்தான் பார்த்தேன். கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டு, உள்ளே தனியாக இருந்து பார்த்தேன். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. உன் ஆய்வுகளை ஒருவர் நீண்ட நேரம் வாசித்தார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.

நோய்ப் படுக்கையில் இருந்தபடி நீ பல நாட்டு நண்பர்களுக்குச் சொல்லிவைத்தாயாம், வருடத்துக்கு ஒருவராவது இங்கே வந்து படிப்பிக்க வேண்டுமென்று. வருகிறார்கள், மச்சான். போன கிழமை சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். அவரை அழைத்தது யார் தெரியுமா? உன் பாடத்துக்கு ஆளில்லாமல் கிடந்த அந்தப் பதவியில் இப்போது நிரந்தர விரிவுரையாளராக இருக்கும் சுபாஷினி.

பேராசிரியை புது மாதிரி இன்வெர்ட்டர் ஒன்றைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். முடித்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கையும் எழும்பவில்லை. கேள்வி கேட்காத ஆள் சாமான் வாங்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பின் வரிசையிலிருந்து கையை உயர்த்தினேன். "இந்தப் பெட்டியை என் கடையில வைச்சு வித்தா, முதல்ல எது பழுதாகித் திரும்பி வரும்?"

அவர் திரையை அணைத்துவிட்டு, சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். அதற்குப் பிறகு பிள்ளைகளின் கைகளை இறக்க முடியவில்லை.

வெளியே வரும்போது, "அந்தச் சார் எந்தத் துறை?" என்று அவர் சுபாஷினியிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"அவர் எங்க சேரோட கூட்டாளி, மேடம்" என்றாள் அவள். வேறு விளக்கம் தேவையில்லை என்பது போல நடந்துபோனாள்.

புறக்கோட்டையில் என்னை முதலாளி என்கிறார்கள். அது நான் உழைத்து எடுத்த பெயர். கூட்டாளி என்பது நீ எனக்கு விட்டுப்போன பெயர். இரண்டையும் வைத்திருக்கிறேன் மச்சான். இரண்டாவதைத்தான் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.