தீவில் கட்டிய வீடு

மார்ச் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டது! பழைய சாமான் கடை ஒன்று விடாமல் அலைந்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பித் தேடிய அந்தத் தீவு விளையாட்டு கேசட், என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. மாடியில் தையல் கடை வைத்திருக்கும் மாமாவிடம் பேண்ட் உயரம் குறைக்கக் கொடுக்கப் போனேன். நூல்கண்டுப் பெட்டிக்குள், துணி சுற்றிக் கிடந்தது. டிவியில் மாட்டி ஆடும் என் பழைய கேம் பெட்டிக்கு வந்த கேசட்டுகளில் எனக்கு இது ஒன்றுதான் பாக்கி. இனி அலமாரி நிறைந்துவிடும்.

கேட்டதும் கொடுத்துவிட்டார். "எடுத்துக்கோம்மா. என் கேம் பெட்டி எப்பவோ செத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வர்றா. அன்னைக்கு மட்டும் உன்னுதைக் கொண்டாந்து போட்டுக் காட்டு. சின்ன வயசுல அவளும் நானும் மாத்தி மாத்தி ஆடிக் கட்டின வீடு அதுக்குள்ள இருக்கு."

மகள் படிப்பைப் பாதியில் விட்டபோது சண்டையாம். "உன் சாமான் ஒண்ணு விடாம அழிச்சிடுறேன்னு கத்தினேன். அன்னைக்குப் போனவதான்." வருஷக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, இப்போதுதான் வருகிறேன் என்று போன் செய்திருக்கிறாள். பாவம், அதைச் சொல்லும்போது மனுஷன் முகத்தில் என்ன சிரிப்பு!

நான் தலையைத் தலையை ஆட்டினேன். எப்போது கீழே போவோம் என்று கை அரித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 4

என்ன காரியம் பண்ணிட்டேன்.

பழைய கேசட் எது கைக்கு வந்தாலும் திறந்து, தகட்டைத் துடைத்து, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைப்பது என் வழக்கம். பழையது கசிந்தால் போர்டையே தின்றுவிடும். ஆனால் ஆடிச் சேமித்து வைத்ததெல்லாம் அந்த பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. எடுத்தால் போச்சு. எனக்குத் தெரியாதா என்ன? செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் "பேக்கப் எடுத்துட்டீங்களா?" என்று பிடுங்கி எடுப்பவள் நான்.

இத்தனை வருஷத்து பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? உள்ளே அந்த வீடு இருந்துவிட்டால் திறக்க மனசு வராதே — அதான். வேற என்ன.

எல்லாம் முடிந்த பிறகு பழைய பேட்டரியை மீட்டரில் வைத்தேன். நன்றாகவே இருந்தது. இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும்.

மார்ச் 5

என் வீட்டுக்காரர் சொன்ன வழி: "தானா தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடு. யாரு திறந்து பார்க்கப் போறா?" கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி! ச்சே.

மார்ச் 6

தானாகத் தீர்ந்துபோச்சு என்றே சொல்லிவிட்டேன். மாமா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். கோக்க முடியவில்லை, இரண்டு தரம் தவறியது. "விடும்மா, நீ என்ன பண்ணுவ? அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிற?" என்று எனக்கு ஆறுதல் வேறு. "இருந்தாலும் ஞாயித்துக்கிழமை கொண்டா. புதுசா ஆரம்பிச்சுக்கிறோம்."

மார்ச் 8, ஞாயிறு

நாக்கு அழுகிப்போகட்டும் எனக்கு.

மகள் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையாம். அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, கோணலை நிமிர்த்தி, தானே மாட்டிவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. டிவியைப் போட்டதும், "எங்கப்பா நம்ம வீடு?" என்றாள்.

"பேட்டரி தீர்ந்துபோச்சாம்மா," என்றார் மாமா.

"அன்னைக்கே சொன்னீங்களே, அழிச்சிடுறேன்னு. சொன்னபடி செஞ்சிருக்கீங்க."

"சத்தியமா இல்லடி. இந்தப் பொண்ணைக் கேளு. நீ சொல்லும்மா!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கையில் ஒயரை வைத்துக்கொண்டு, "ஆமாங்க, பேட்டரிதான்" என்றேன்.

"சாட்சி வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ அப்படியே இருந்தது. மாமா அதை எடுத்துக் கொட்டவுமில்லை.

மார்ச் 9

கேசட் அலமாரியில் இருக்கிறது. நிறைந்துவிட்டது. கேசட் சேர்ப்பவர்கள் குரூப்பில் போட்டோ போடு, போடு என்கிறார்கள். மாடியில் மிஷின் ஓடும் சத்தமே இல்லை.

மார்ச் 10

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா இது? சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர்கூட இன்று கிண்டல் பண்ணவில்லை. "போய்ச் சொல்லிட்டு வா," என்றார்.

மார்ச் 11

மாமாவின் மகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். பழைய பேட்டரியையும் கேசட்டையும் மேசைமேல் வைத்தேன். "உங்க வீடு இந்த பேட்டரிலதான் இருந்துச்சு. தீரல. தெரிஞ்சேதான் எடுத்தேன். உங்கப்பா அழிக்கல, நான்தான். ஞாயித்துக்கிழமை சொன்னதும் பொய்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். "அப்ப இத்தனை வருஷமா வெச்சிருந்தாரா?" என்றாள்.

"துணி சுத்தி, நூல்கண்டுப் பெட்டியில."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடிக்காகக் காத்திருந்த பெரியவர் ஒன்றும் புரியாமல் என்னை முறைத்தார். "கேசட்டை வெச்சிட்டுப் போங்க," என்றாள். வைத்துவிட்டு வந்தேன். மாமாவிடமும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன், கோழை.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். மாமா. "உன் கேம் பெட்டியைக் கொஞ்சம் குடு. பொண்ணு வந்திருக்கா."

ஒயரோடு எடுத்துக் கொடுத்தேன். நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று செருப்பைப் போடப் போனேன்.

"வேணாம்மா. அவளுக்குத் தெரியும்."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். கோபமாகப் பேசவில்லை. "அவ அழிச்சிட்டீங்கன்னு சொன்னப்பகூட எனக்கு பயமில்லம்மா. நீ இருக்க, உள்ளதைச் சொல்லிடுவன்னு இருந்தேன்."

மாமா, என்று ஆரம்பித்தேன்.

"சாயங்காலம் பெட்டியை அவகிட்ட குடுத்தனுப்புறேன்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார். மேலே கதவு திறந்தது. "அப்பா, நான்தான் முதல்ல!" என்று அவள் சொல்வது இங்கே வரைக்கும் கேட்டது.